எஞ்சினை நிறுத்தாத நுஹ்மான்

தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே வேனை ஓட விட்டுவிட்டு, இறங்கிப்போய் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கிற ஒரு மனுஷனை நீங்கள் பார்த்திருந்தால், அது என் மச்சான் நுஹ்மான்தான். என் மனைவி றஹீமாவின் அண்ணன். டீசலுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் போய் அதிக நாளாகவில்லை. இருந்தும் அவன் எஞ்சினை நிறுத்த மாட்டான். ஆட்களை இறக்கும்போதும் ஓடும், சாமான் ஏற்றும்போதும் ஓடும். பள்ளிவாசலுக்கு முன்னால் மட்டும் வேறு வழியில்லாமல் நிறுத்துவான். நிறுத்திய கையோடு, யாரோ துரத்துகிற மாதிரி கதவைச் சாத்திவிட்டு ஓடுவான். நுஹ்மான் நானாவின் வீட்டில் டீசல் கிணறு இருக்கிறது என்று பஸ் நிலையத்துப் பயல்கள் கேலி பேசுவார்கள். அவனும் கூடவே சிரிப்பான். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

வீட்டிலும் அதே கதைதான். மழை கொட்டுகிற நாளிலும் அவன் தலைக்கு மேலே மின்விசிறி சுற்ற வேண்டும். காற்றுக்காக அல்ல, சத்தத்துக்காக. அவன் மனைவி ஸபியா கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று வருடமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். வைத்தியரிடம் காட்டுங்கள், ஓதிப் பாருங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காட்டவும் காட்டினார்கள், ஓதவும் ஓதினார்கள்.

என்ன நடந்தது என்று ஒளித்து வைத்துக் கடைசியில் போட்டு உடைக்கிற பழக்கம் எனக்கில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று வேனில் அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவன் நான்.

என் பெயர் ஷிஹாப். பெட்டரிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில் மில்பேர்ன் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு பெட்டரி கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மூன்று நாள் வரிசையில் கிடந்து பிடித்த டீசல் டாங்கியில் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் மலை ரோட்டில் இறங்குகிற எல்லா டிரைவர்களும் செய்ததைத்தான் நுஹ்மானும் செய்தான். உச்சியில் எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, நாலு கிலோமீட்டர் இறக்கத்தையும் சும்மாவே உருண்டு கடக்கிற வித்தை. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், இரண்டு காலாலும் ஏறி மிதிக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

தோட்டத்து ஆட்கள் ரோட்டில் நடக்கிற விதத்தை அறியாதவர்களுக்கு இது விளங்காது. அவர்கள் காதை நம்பி நடக்கிறவர்கள். இரண்டு வளைவுக்கு அப்பால் வருவது கொழுந்து லொறியா, துரையின் ஜீப்பா, டிராக்டரா என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து, பேச்சை நிறுத்தாமலேயே ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தலையில் சாக்கு, கையில் பால் வாளி, எதற்குத் திரும்புவது?

மில்பேர்னில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ரப்பர் மலை முடிந்து தேயிலை தொடங்குகிற அந்தக் கொண்டை ஊசி வளைவு. கொழும்பில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் அந்த வளைவில்தான் வந்து நின்று பேசுவார்கள். கருப்பாயி அன்று அங்கேதான் நின்றார். ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. கொழும்பில் துணிக்கடையில் நின்ற மகள் கலைச்செல்வி நாலு மணிக்கு எடுக்கிற அழைப்புக்காகத் தினமும் வருவாராம். மூடுபனி. முதுகு எங்களுக்கு. நுஹ்மான் இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றான். கை ஸ்டீயரிங்கோடு இறுகிப் போயிருந்தது, ஹோர்ன் பக்கமே போகவில்லை.

எஞ்சின் ஓடாத வேனுக்குள் வெளியே பேசுவது சுத்தமாகக் கேட்கும். அவர் மகளிடம் பேசியது எங்களுக்குக் கேட்டது. கடைசிச் சொல் வரைக்கும், வேன் அவரை மோதுகிற வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. நுஹ்மான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான். "மச்சான், எஞ்சின ஸ்டார்ட் பண்ணு, ஆக்கள் வரப்போறாங்க" என்று சொன்னது நான்தான். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்தோம், போன் பேச்சில் அவருக்குக் கேட்கவில்லை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். என்னைக் கேட்டபோது, தூங்கிவிட்டேன், ஒன்றும் தெரியாது என்றேன். விசாரணையில் அப்படியே எழுதினார்கள். வழக்கும் லேசாகக் கழிந்து போனது. அன்று ஸ்டார்ட் பண்ணிய எஞ்சினை அவன் இன்றுவரைக்கும் நிறுத்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

நிறுத்தினால் என்ன என்று ஒரே ஒரு முறை அவனிடம் கேட்டேன்.

"நிப்பாட்டினா அந்த மனுஷிட பேச்சு கேக்குது மச்சான்" என்றான். "மொதல்ல இருந்து தொடங்குது. கடைசி வரைக்கும் பேசி முடிக்குது."

இது இப்படியிருக்க, தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்த இந்த வருடத்தில்தான் எஹலியகொடயிலிருந்து ஆதிப் வந்து சேர்ந்தான். மாணிக்கக்கல் வியாபாரியின் மகன், இருபத்தாறு வயது. எந்நேரமும் போனில் யாராவது ஒருவன் ஒரு வண்டியைத் தட்டித் தடவிப் புகழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய வாப்பா மில்பேர்னுக்கு மேலே ஒரு பழைய பங்களாவை வாங்கியிருந்தார். அங்கே ஏறி இறங்க ஒரு மின்சார ஜீப் வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் உயரமான வண்டி எல்லாமே ஜீப்தான்.

இரண்டு புதுக் கம்பனிகள் போட்டிக்கு இரண்டு ஜீப் கொண்டுவரப் போகின்றன. இன்னும் சந்தைக்கு வரவில்லை, முன்பதிவு மட்டும் நடக்கிறது. ஒரு கம்பனி போன வருடம் வரைக்கும் தண்ணீர் மோட்டார் செய்ததாம். மற்றதற்கு நாலு வயது. பெயர்கள் வாயில் நுழைவதில்லை. காட்சிக்கு வந்த வண்டிகளின் நிறத்தை வைத்து நாங்கள் ஒன்றை வெள்ளை என்றும் மற்றதைப் பச்சை என்றும் சொல்லிக்கொண்டோம்.

"ஷிஹாப் நானா, நீங்க பெட்டரி தெரிஞ்ச ஆள். நுஹ்மான் நானா மலை ரோட்டுக்காரர். ரெண்டு பேரும் ஓடிப் பாத்துச் செல்லுங்க, நீங்க செல்றதத்தான் புக் பண்றது" என்றான் ஆதிப். எங்கள் பேச்சில் 'செல்வது' என்றால் சொல்வது. அதோடு அவன் நிற்கவில்லை. எதை எடுத்தாலும் அதற்கு நுஹ்மான்தான் டிரைவர், மாதச் சம்பளம் என்றும் சொல்லிவிட்டான். நுஹ்மானின் வேனுக்கு வயது முப்பது. ஸபியா அன்று ரவை கிண்டி எங்கள் வீட்டுக்கும் அனுப்பினாள்.

நான் இரண்டு கம்பனியின் புத்தகங்களையும் எடுத்துவைத்து ஒரு வாரம் மண்டையை உடைத்தேன். ஒரு தடவை சார்ஜ் பண்ணினால் வெள்ளை நானூற்று எண்பது கிலோமீட்டர் ஓடுமாம், பச்சை ஐந்நூற்று இருபது. எங்கே ஓடுமாம்? தார் போட்ட சமதரையில், ஏசி இல்லாமல், ஒல்லியான டிரைவரோடு. மில்பேர்ன் ஏற்றத்தில் ஏறினால் இரண்டுக்கும் நாக்குத் தள்ளும். பச்சை முழங்காலுக்கு மேலே தண்ணீரில் போகுமாம். மே மாதம் ஆறு ரோட்டுக்கு வருகிற ஊரில் அது பெரிய விஷயம்தான். வெள்ளையின் அடிப்பாகம் நிலத்திலிருந்து இரண்டு விரல் கூட உயரம், தோட்டத்துக் கற்களுக்கு அதுதான் நல்லது. பெட்டரிக்கு இரண்டு பேரும் எட்டு வருட உத்தரவாதம் தருகிறார்கள். நாலு வயதுக் கம்பனி எட்டு வருடத்துக்குச் சத்தியம் பண்ணுகிறது! கம்பனி இழுத்து மூடினால் யாரிடம் போய் நிற்பது என்று ஆதிப்பிடம் கேட்டேன். "நீங்க ஈக்குறீங்கதானே நானா" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பங்களாவில் சார்ஜ் பண்ணுவது வேறு தலைவலி. தோட்டத்துத் தொழிற்சாலை மெசினைப் போட்டால் அங்கே பல்பே மங்கிவிடும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல நுஹ்மான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இதுகள்ல எஞ்சின் இல்லதானே? அப்ப ஓடக்குள்ள என்ன கேக்கும்?"

"ஒண்டும் கேக்காது. அதுதான் மச்சான் சொகம்" என்றேன் யோசிக்காமல். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் வெள்ளையை ஓட்டினோம், அவிசாவளையிலிருந்து எஹலியகொட வரைக்கும். மெதுவாகப் போகும்போது அது தானாகவே ஒரு முனகல் சத்தம் போடுகிறது. நடந்து போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வைத்த சத்தமாம். அதை நிறுத்த முடியாது. கேட்க நாராசமாக இருந்தது, அடுப்பில் ஈரவிறகு அழுகிற மாதிரி. ஆதிப்புக்குப் பிடிக்கவில்லை. நுஹ்மான் கண்ணாடியை இறக்கிவிட்டு அதைக் கேட்டபடியே ஓட்டினான். வண்டி நல்லது என்று இரண்டு தடவை சொன்னான்.

பச்சையைக் கொண்டுவந்தவன் கம்பனியின் ஆள், சிங்களப் பையன், கழுத்துப்பட்டியும் வாசனையுமாக இருந்தான். அதை மில்பேர்ன் ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆதிப் ஒற்றைக்காலில் நின்றான். பங்களா ரோடு அதுதானே, அவன் கேட்டதில் பிழையில்லை.

"அந்த ரோட்டால வேணாம் தம்பி. புளத்கொகுபிட்டியப் பக்கம் போய் வருவோம், அங்கயும் ஏத்தம் ஈக்குதே" என்றான் நுஹ்மான்.

"அந்த ரோட்டுல ஏறாத ஜீப் எனக்கு என்னத்துக்கு நானா?"

மூன்று வருடமாக அவன் அந்தப் பக்கமே போனதில்லை. அங்கே போக ஹயர், வாடகை ஓட்டம், வந்தால் வேறு வேன்காரனுக்குக் கொடுத்துவிடுவான். அன்று சம்பளமும் ஸபியாவின் முகமும் கண் முன்னால் நின்றிருக்க வேண்டும், ஏறி உட்கார்ந்தான். நான் பின்சீட்டில் ஆதிப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஏறும்போது பரவாயில்லை, டயருக்கடியில் கல் நசுங்குகிற சத்தமாவது இருந்தது. உச்சியில் பங்களாவைச் சுற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம். பச்சைக்கும் அந்த முனகல் சத்தம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு சுவிட்சும் உண்டு. கம்பனிப் பையன் பெருமையோடு அதைத் தட்டி விட்டான். எல்லாம் அடங்கியது.

"இறக்கத்தில் பெட்டரி தானாகவே ஏறும், பாருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லித் திரையைக் காட்டினான். இருநூற்றுப் பதினொன்று என்று இருந்த கிலோமீட்டர், இறங்க இறங்க இருநூற்றுப் பதினாலு ஆனது. ஆதிப் கைதட்டினான். நாங்கள் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திக்கொண்டு இறங்கின அதே ரோட்டில், இந்த வண்டி சும்மா உருண்டே கரண்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

நுஹ்மானின் கழுத்து வியர்த்திருந்தது. ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது.

"மச்சான், ரேடியோவப் போடச் செல்லு" என்றான்.

கம்பனிப் பையன் சிரித்தான். இந்த அமைதிக்காகத்தான் வெளிநாட்டில் ஆட்கள் இதை வாங்குகிறார்களாம், ரேடியோ வேண்டாம், ரசித்துப் பாருங்கள் என்றான். வளைவு தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கேட்டது. மூன்று வருடமாக மச்சானுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருந்த எனக்கு, கண்ணாடிக்கு வெளியே ஒரு பொம்பிளை போனில் பேசுகிற குரல், சொல் சொல்லாகக் கேட்டது. என் தொடைகள் தாமாகவே இறுகின, இல்லாத பிரேக்கைத் தேடி. நுஹ்மான் வளைவுக்கு முப்பது அடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டான்.

வளைவில் யாருமே இல்லை.

புது வண்டி நின்றால் லயத்துப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஐந்து நிமிடத்தில் சுற்றி வளைத்துவிட்டார்கள். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களும் வாளிகளோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளைகளை விலக்கிக்கொண்டு டிரைவர் கதவுக்கு வந்தாள். மரணவீட்டில் ஒரு தடவை பார்த்த முகம். கலைச்செல்வி. கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து, தோட்டத்துப் பதிவில் அம்மாவின் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரைப் பதிந்துகொண்டு, அம்மா வெட்டிய அதே மரங்களை வெட்டுகிறாளாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கல்லெடுப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"நுஹ்மான் நானாதானேங்க? ஒங்களப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றாள். "என்னாலதான் ஒங்களுக்கும் பொலீசு, கோடுன்னு அலைச்சல். நான் அந்த நேரத்துல போன் எடுக்காம இருந்திருந்தா அம்மாவுக்கு ஹோர்ன் கேட்டிருக்கும். மன்னிச்சிக்கங்க நானா."

கொன்றவனிடம் வந்து செத்தவளின் பிள்ளை மன்னிப்புக் கேட்கிறாள், நாங்கள் இரண்டு தடித்த ஆண்பிள்ளைகளும் குந்திக்கொண்டு கேட்கிறோம். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா என்கூட பேசி மூணு வருசமாச்சுங்க" என்று அவளே தொடர்ந்தாள். "ஒரே காம்பராவுலதான் இருக்கோம். சமைச்சு வைப்பேன், திம்பாரு. மொகத்தப் பார்க்க மாட்டாரு. 'ஒன் போன்தான் அவளக் கொன்னுச்சு'ன்னு கருமாதியன்னிக்கி சொன்னாரு. அதோட சரி."

கம்பனிப் பையனுக்குத் தமிழ் தெரியாது. கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில், இது பக்கத்தில் வந்தாலும் சத்தமே கேட்காது என்று சிங்களத்தில் அளந்துகொண்டிருந்தான். கலைச்செல்வி அவன் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், சத்தமே வராதா என்று கேட்டாள்.

"சத்த நே நங்கி. கொஹெத்ம நே!" என்றான் அவன், துளிகூட வராது என்று.

"போன்ல பேசாம சும்மா நடந்து போற ஆளுக்கும் கேக்காதா?"

"கேட்காது தங்கச்சி."

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நுஹ்மானிடம் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கி போன்ல எனக்கு வேன் சத்தம் கேக்கலீங்க நானா. ஹோர்னும் கேக்கல. அம்மா பேசிக்கிட்டே இருந்துச்சு, அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. அப்பாட்ட சொன்னேன், பொய்யின்னுட்டாரு. விசாரணையிலயும் யாரும் எடுத்துக்கல. எனக்கே இப்பெல்லாம் சந்தேகமா இருக்கு, நான்தான் சரியாக் கேக்கலையோன்னு."

ஆதிப் பொறுமையிழந்து நேரமாகிறது என்றான். நுஹ்மான் வண்டியை எடுத்தான். கதவில் வைத்திருந்த கையை அவள் எடுக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு எடுத்தான்.

அடுத்த நாள் என் கடைக்கு வந்தான். வேன் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஆதிப்புக்கு என் முன்னாலேயே போன் எடுத்தான்.

"வெள்ளைய எடுங்க தம்பி. பச்சையில அந்தச் சத்தத்த நிப்பாட்ட ஏலும். ஏலுமெண்டா நாங்க நிப்பாட்டுவோம்" என்றான். பிறகு, டிரைவர் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தான்.

"பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

"நான் போய்ச் செல்லப்போறன் மச்சான். அந்தப் புள்ளைட வாப்பாக்கிட்ட."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வருடம் கழித்து எதற்குத் தோண்டுகிறாய், லைசன்ஸ் போகும், வழக்கு திரும்பவும் எழும்பும், பொய்ச் சாட்சி சொன்ன நானும் உள்ளே போவேன், ஸபியாவை யார் பார்ப்பது, றஹீமாவை யார் பார்ப்பது என்று கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கத்தியது முழுக்க எனக்காகத்தான், அது எனக்கே தெரிந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டாளே மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று காலையில் பஸ்ஸில் போனோம். நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சந்தியில் இறங்கி நடந்தோம். வளைவைத் தாண்டும்போது நுஹ்மான் காதைப் பொத்தவில்லை.

கலைச்செல்வியின் அப்பா இராமசாமி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மெலிந்த, நெட்டையான மனிதர். எங்களை அடையாளம் கண்டும் கோடாரியை நிறுத்தவில்லை. காம்பரா வாசலில் கலைச்செல்வி வந்து நின்றாள். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நுஹ்மான் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, அண்டைக்கு நான் எஞ்சின நிப்பாட்டிட்டுத்தான் வந்த. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல உட்டுட்டு வந்த. ஹோர்ன் அடிக்கல்ல. அவங்களுக்குக் கேக்க ஒண்டுமே இல்ல. போன்ல பேசாம ஈந்தாலும் கேட்டிக்காது. நான் பொய் செல்லிட்டன்."

கோடாரி நின்றது. இராமசாமி நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ அனுப்புனாளா ஒங்கள?" என்றார். மகளின் பக்கம் திரும்பாமலேயே கேட்டார். "இப்படி வந்து சொல்லச் சொல்லி அழுதாளா?"

"இல்ல ஐயா" என்றான் நுஹ்மான்.

"மூணு வருசமா இல்லாத நெஞ்சுவலி இப்ப எங்கயிருந்து வந்துச்சு?"

நான் பேசியாக வேண்டியிருந்தது. எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னது நான், பொய்யைச் சொல்லிக் கொடுத்தது நான், தூங்கினேன் என்றதும் பொய் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நுஹ்மானையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடாரிப் பிடியில் விரல்கள் இறுகியிருந்தன.

"சரி, எஞ்சின் ஓடலன்னே வச்சுக்குவோம்" என்றார். "அப்ப அவ பேசினது ஒங்களுக்குக் கேட்டிருக்கணுமே. என்ன பேசினா? சொல்லுங்க பார்ப்போம்."

நுஹ்மான் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்ததை, கருப்பாயி பேசின மாதிரியே, தோட்டத்துப் பேச்சிலேயே சொன்னான்.

"'நீ பயப்படாம வா புள்ள. அப்பா கோபத்த நான் பார்த்துக்கிறேன். ராவைக்கு நாய் கொலைச்சாகூட நீதான் வந்துட்டியோன்னு எந்திரிச்சுப் போய் வாசலப் பார்க்கிறாரு. என்கிட்ட தண்ணி குடிக்கப் போனேன்னு பொய் சொல்றாரு. நீ வா. தீவாளிக்கு...' அவ்வளவுதான் ஐயா. அதுக்குப் பொறகு நாங்க வந்துட்டம்."

கலைச்செல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் யாரிடமோ. "இதே வார்த்தைய."

இராமசாமி கோடாரியைக் கீழே வைத்தார். எறியவில்லை, குனிந்து மெதுவாக வைத்தார். பிறகு விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்த்ததை அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யார் அறிவார்கள், அதைக் கருப்பாயியின் வாய்ப்பேச்சிலேயே சொல்லக் காதால் கேட்டிருக்க வேண்டாமா? அவர் நுஹ்மானை அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கலை" என்றார்.

அவள் அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"கலை, என் சட்டைய எடு. பொலீசுக்குப் போவணும். இவங்க ரெண்டு பேரும் வந்து இத அங்க சொல்லட்டும். நீயும் வா. நீ கேட்டத நீ சொல்லு."

அவள் உள்ளே ஓடினாள். தகரப் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம், ஏதோ உருண்டு விழுகிற சத்தம், மறுபடியும் பெட்டி. வரவே இல்லை. நுஹ்மான் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இராமசாமி எங்கள் இருவரையும் பார்க்காமல், வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"கொடியில கெடக்கு புள்ள."